பொறியும் அரமும்: எம்.1911 கைத்துப்பாக்கியின் துல்லியம் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

கைத்தொழிற் புரட்சியின் வரலாற்றை எழுதுவோர், கைவினைஞனின் இடத்தைப் பொறி கைப்பற்றிக்கொண்டது எனக் கூறி அமைவது வழக்கம். பொதுவாக நோக்குமிடத்து இக்கூற்றுப் பொருத்தமானதே. எனினும், பொறியினாற் பெருந்தொகையாக ஆக்கப்பட்ட பண்டம் மீண்டும் கைவினைஞனின் மேசைக்குத் திரும்பிவந்த சந்தர்ப்பங்களும் உள. ஐக்கிய அமெரிக்க இராணுவம் 1911ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் ஏற்றுக்கொண்ட அரைத் தன்னியக்கக் கைத்துப்பாக்கியின் வரலாறு அத்தகையது.

ஜோன் பிரௌனிங் வடிவமைத்து, கோல்ற் நிறுவனம் ஆக்கிய இத்துப்பாக்கி, தெரிவுச் சோதனையில் 6,000 தடவை சுடப்பட்டும் பழுதின்றி இயங்கியது. சேற்றிலும் மணலிலும் இயங்க வேண்டுமாயின் பாகங்களுக்கிடையே சிறிது இடைவெளி வேண்டும். ஒன்றன் பாகம் மற்றொன்றிற்குப் பொருந்த வேண்டுமாயினும் அவ்விடைவெளி வேண்டும். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் தட்டெழுத்துப் பொறி செய்த றெமிங்டன் றான்ட் நிறுவனமும் இதனை உற்பத்தி செய்தது. நம் வீடுகளிலே தையற்பொறியால் அறிமுகமான சிங்கர் நிறுவனமும் 500 துப்பாக்கிகளைச் செய்து கொடுத்தது. இவையனைத்தின் பாகங்களும் ஒன்றுக்கொன்று மாற்றத்தக்கனவாய் இருந்தன. இராணுவம் வேண்டியதும் அதுவே.

ஆனால், ஈரி ஏரிக்கரையிலுள்ள பெரி முகாமில் 1907 முதல் நடைபெற்றுவந்த தேசிய குறிசூட்டுப் போட்டிகளில் வேண்டப்பட்டது வேறு. அங்கு 50 யார் தூரத்தில், ஏறத்தாழ 3.4 அங்குல விட்டமுள்ள பத்துப் புள்ளி வட்டத்தை ஒரு கையாற் சுட வேண்டும். இத்துப்பாக்கியிலோ ஒவ்வொரு வெடிக்கும் குழலின் பின்முனை தாழ்ந்து, மேற்பாகம் தனியே பின்னோடி, வெற்றுக் கோதை வெளியே எறிந்து மீளும். குறிபார்க்கும் உறுப்புகள் மேற்பாகத்தில் உள்ளன. குண்டு செல்வதோ குழலின் வழியே. குழல் ஒவ்வொரு முறையும் முன்னிருந்த இடத்திற்கே மீளாவிடின் கண்ணும் குண்டும் வெவ்வேறு திசை நோக்கும். குழலின் நீளம் 5 அங்குலம். 50 யார் அதன் 360 மடங்கு. ஆகவே, குழல்வாய் ஓர் அங்குலத்தின் நூறிலொரு பங்கு விலகினும் இலக்கில் 3.6 அங்குலம் பிசகும். அந்தப் பிசகு வட்டத்தினும் பெரிது. துப்பாக்கியைக் குறைகூறிய பலர் கவனியாத கணக்கு இது.

துப்பாக்கிக் கம்மியர் செய்தது, பொறி விட்ட இடைவெளியைக் கையால் மூடுவதே. குழல்வாயைத் தாங்கும் வளையத்தைப் புதிதாகக் கடைந்தனர். தேய்ந்த முனைகளில் உருக்கை ஒட்டவைத்து அராவினர். சட்டத்தின் தண்டவாளங்களைத் தட்டி இறுக்கினர். இக்கலையில் வல்லவரான லூசியானாவின் ஜிம் கிளார்க் 1958இல் தேசிய கைத்துப்பாக்கி வாகையராகவும் விளங்கினார். இராணுவமும் 1956இல் குறிசூட்டுப் பயிற்சிப் பிரிவொன்றை அமைத்து, தன் துப்பாக்கிகளைத் தானே இவ்வாறு திருத்தலாயிற்று. இடைவெளியை வேண்டிப் பெற்ற நிறுவனமே அதனை அகற்றக் கம்மியருக்குச் சம்பளம் கொடுத்தமை சுவையான முரண்பாடு.

உற்பத்தியாளரும் வாளாவிருக்கவில்லை. கோல்ற் நிறுவனம் 1957இல் 'கோல்ட் கப்' எனும் போட்டித் துப்பாக்கியை வெளியிட்டது. 1970இல், விரல்கள் போன்று பிளவுபட்ட வளையம் ஒன்றாற் குழலை இறுகப் பற்றச் செய்து, கம்மியனின் வேலையைத் தொழிற்சாலையிலேயே முடிக்க முயன்றது. அவ்விரல்கள் சில வேளைகளில் முறிந்தன. வாங்கியோர் பலர் அதனைக் கழற்றிவிட்டுப் பழைய முறையிலமைந்த முழு வளையத்தையே வெளியே வாங்கிப் பொருத்தினர்.

இவ்வாறு வெளியார் செய்த பாகங்களின் சந்தை வளர்ந்தது. பார்-ஸ்ரோ, கார்ட் முதலிய நிறுவனங்களின் குழல்கள் புகழ்பெற்றன. துல்லியத்தை விலைகொடுத்து வாங்கிவிடலாம் என இதனைக் கொள்வது தவறாகும். போட்டிக்குரிய குழல் வேண்டுமென்றே சற்றுப் பருமனாகச் செய்யப்படுகின்றது; அராவிப் பொருத்தினாலன்றி அது உட்புகாது. அளவுக்கு மீறி இறுக்கினாலோ துப்பாக்கி தூசிக்கும் புகைக்கரிக்கும் இடையில் நின்றுவிடும். எங்கே நிறுத்துவது என்பதை அறிந்தவன் அரம் பிடித்தவனே.

1985இல் இராணுவம் பெரெற்றா எம்9 கைத்துப்பாக்கியை ஏற்றது. குறிசூட்டுப் பிரிவின் கம்மியர் அதற்கும் புதிய குழல்களைப் பொருத்தி அராவத் தொடங்கினர்.