பச்சை மலைப்பாம்பும் அதன் பிறப்புச் சான்றிதழும்



பெங்களூரில் வேலை பார்க்கும் பழைய மாணவர் ஒருவர் போன வாரம் வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினார். கிளையில் சுருண்டு, நடுவில் தலையை வைத்துக்கொண்டு, வாழைக்குருத்து நிறத்தில் ஒரு பாம்பு. "சார், இது கூண்டுலயே பொரிச்ச குட்டியாம். ஆணும் பொண்ணுமா ஜோடியாத் தாராங்களாம். வாங்கலாமா?" என்று கேட்டிருந்தார். நான் வரலாறு எடுத்தவன், விலங்கியல் வாத்தியார் இல்லை. ஆனாலும் இந்தக் கேள்விக்குப் பதில் வரலாற்றில்தான் இருக்கிறது. அவருக்கு மட்டும் சொல்லாமல் எல்லாருக்குமாக எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. நம் தச்சநல்லூர் பக்கம் வேலியிலும் முருங்கையிலும் தொங்குகிற பச்சைப் பாம்பு இது இல்லை. அது மெலிந்த கொடி போன்றது. கண்ணைக் கொத்தும் என்று சொல்லி அநியாயமாக அடித்தே கொன்றோம். அது அப்படி எவர் கண்ணையும் தேடி வருவதில்லை. படத்தில் இருப்பது பச்சை மர மலைப்பாம்பு. நியூகினியும் அதைச் சுற்றிய தீவுகளும் ஆஸ்திரேலியாவின் வடகிழக்கு முனையும் அதன் ஊர். நம் நாட்டில் எந்தக் காட்டிலும் கிடையாது.

1872-இல் ஹாலந்து நாட்டு லைடன் அருங்காட்சியகத்தின் இயக்குநர் ஹெர்மன் ஷ்லேகல்தான் இதற்கு முதலில் அறிவியல் பெயர் வைத்தார். அவர் பார்த்த பாம்பு ஆரூ தீவிலிருந்து வந்தது. அதற்கு 15 வருஷம் முன்பு, 1857-இல், சொர்க்கப் பறவைகளைத் தேடி ஆல்ஃபிரட் வாலஸ் போய்த் தங்கியிருந்ததும் அதே ஆரூதான். அழகான உயிர் எங்கே இருக்கிறதோ அங்கே முதலில் அறிஞர் போவார், பின்னாலேயே வியாபாரி போவார். இந்தப் பாம்புக்கும் அதுதான் நடந்தது. குட்டி மஞ்சளாகவோ செங்கல் சிவப்பாகவோ பிறந்து, வளர வளரப் பச்சையாக மாறும். இந்த நிறமாற்றத்தைப் பார்க்கவே பணம் கொடுக்க ஆள் இருக்கிறார்கள்.

இந்தோனேசியாவில் இது பாதுகாக்கப்பட்ட இனம். காட்டில் பிடித்து விற்கக்கூடாது. பண்ணையில் பிறந்ததை மட்டும் ஏற்றுமதி செய்யலாம். சட்டம் நல்ல சட்டம். ஓட்டை எங்கே விழுந்தது தெரியுமா? "பண்ணையில் பிறந்தது" என்பது காகிதத்தில் எழுதும் ஒரு சொல். பாம்பின் உடம்பில் அது எழுதியிருக்காது.

ஜெசிகா லயன்ஸ், டேனியல் நாட்டுஷ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2009 முதல் 2011 வரை பப்புவா, மலுக்கு பகுதிகளில் வியாபாரிகளிடமே போய் எண்ணிப் பார்த்தார்கள். காட்டில் சட்டவிரோதமாகப் பிடித்த பச்சை மலைப்பாம்புகள் மட்டும் 4,227 அவர்கள் கணக்கில் வந்தன. கிராமத்து ஆள் பிடிப்பார், இடைத்தரகர் வாங்குவார், பண்ணைக்குப் போகும், அங்கிருந்து "வளர்ப்பில் பிறந்தது" என்ற சான்றிதழோடு விமானம் ஏறும். ஆண்டுதோறும் ஏற்றுமதியாவதில் குறைந்தது 80 சதவீதம் இப்படிப்பட்டவை என்று 2011-இல் எழுதினார்கள். சில தீவுகளில் இனமே வெகுவாகக் குறைந்துபோயிருந்தது. திருட்டு மணலுக்கு ரசீது போடுவது போலத்தான் இதுவும், நம் ஆற்றங்கரைக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

அவர்கள் சொன்ன வழி எனக்கு மிகவும் பிடித்தது. ஒவ்வொரு குட்டிக்கும் அது பொரிந்து வந்த முட்டைத் தோட்டைக் காட்டச் சொல்லுங்கள் என்றார்கள். முத்திரையைப் போலியாகச் செய்யலாம், தோட்டுக்கு எங்கே போவது? ஆகவே தம்பி, விற்கிறவரிடம் தாய் தகப்பன் எங்கே, முட்டையிட்ட தேதி என்ன, குட்டி எத்தனை முறை தோல் உரித்தது, என்ன தின்றது என்று கேளுங்கள். உண்மையில் வளர்த்தவர் நோட்டை எடுத்துக் காட்டுவார்.

அடுத்து அந்த "ஜோடி". வெளித்தோற்றத்தில் ஆண் பெண் வித்தியாசம் தெரியாது. ஆணின் உறுப்பு வாலின் அடியில் உள்மடிந்து கிடக்கும். முனை மழுங்கிய மெல்லிய கம்பியை எச்சத் துளை வழியாக வால் பக்கம் மெதுவாக விட்டால், ஆணுக்குப் பல செதில் தூரம் போகும், பெண்ணுக்குச் சில செதிலோடு நின்றுவிடும். பழகிய கை வேண்டும். வால் அடியை விரலால் உருட்டி அழுத்தியும் பார்ப்பார்கள். ஆனால் இந்த இனத்தின் குட்டிக்கு வால் மிக மென்மை, அழுத்தினால் எலும்பு மடங்கிப்போகும். அதனால் பொறுப்பான வளர்ப்பாளர் சின்னக் குட்டியைச் சோதிக்கமாட்டார். செந்நிறக் குட்டியைக் காட்டி "ஆண் உறுதி" என்றால் ஒன்று ஊகம், இல்லை வாலைப் பணயம் வைத்திருக்கிறார். இப்போது உரித்த தோலை வைத்து மரபணுச் சோதனை செய்யவும் வழி வந்திருக்கிறது.

முதலைக்குக் கதை வேறு. 1976-இல் ராமுலஸ் விட்டேக்கர் குழுவினர் மாமல்லபுரம் சாலையில் வடநெம்மேலியில் முதலைப் பண்ணை தொடங்கினார்கள். நம் சதுப்புநில முதலை முட்டையை 31 டிகிரியில் வைத்தால் எல்லாம் பெண், 32.5-இல் வைத்தால் ஆண். பாம்புக்கு அப்படி இல்லை, கருவிலேயே முடிவாகிவிடும். வளர்ப்பில் பிறந்தது என்ற சொல்லுக்கு ஒரு மரியாதை இருந்த இடம் அந்தப் பண்ணை. அழிந்துவந்த முதலை இனங்களைக் காப்பதற்காக அங்கே குஞ்சு பொரித்தார்கள்.

இனி சட்டம். 1972 வன உயிரினச் சட்டம் நம் நாட்டு விலங்குகளைத்தான் பார்த்தது. நம் மலைப்பாம்பை வீட்டில் வைத்தால் சிறை, ஆனால் நியூகினிப் பாம்பை வைத்திருந்தால் கேட்க ஆளில்லை என்று 50 வருஷம் ஓடியது. 2020-இல் மத்திய அரசு, வைத்திருப்பவர்கள் தாங்களாக அறிவிக்கலாம் என்று ஆறு மாதம் தந்தது. 2022 திருத்தம் 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. சைட்டிஸ் ஒப்பந்தப் பட்டியலில் உள்ள வெளிநாட்டு இனங்களும் சட்டத்துக்குள் வந்தன. எல்லா மலைப்பாம்புகளும் அந்தப் பட்டியலில் உண்டு. அதே ஆண்டு ஜூலையில் கோலாலம்பூரிலிருந்து திருச்சி வந்த ஒரு பயணியின் பெட்டியில் 47 மலைப்பாம்புகளும் 2 பல்லிகளும் இருந்தன. துளை போட்ட டப்பாக்களில் அடைத்து வந்தவை. அப்படி வருவதும் பிறகு "கூண்டில் பொரித்தது" என்றுதான் விலைபோகும்.

2024 பிப்ரவரி விதிகளின்படி வைத்திருப்பவர் பரிவேஷ் தளத்தில் பதிவு செய்ய வேண்டும். கைமாறினாலும், குட்டி பொரித்தாலும், செத்தாலும் தெரிவிக்க வேண்டும். பதிவுச் சான்று இல்லாதவரிடம் ஒரு ரூபாய்கூட முன்பணம் கொடுக்காதீர்கள். சான்று இருந்தால் அதன் நகலோடு தலைமை வன உயிரினக் காப்பாளர் அலுவலகத்தில் ஒரு முறை கேட்டுவிடுங்கள். ஜோடி உண்மையான ஜோடியாகவே அமைந்துவிட்டால், ஓர் ஈட்டில் பத்து இருபது முட்டை வரும். ஒவ்வொரு குட்டிக்கும் நீங்கள்தான் கணக்குச் சொல்ல வேண்டும், தோட்டையும் எடுத்து வையுங்கள்.