மண் என்னும் பொதுவழி

கணினியின் ஆணைக்குக் கட்டுப்பட்டு மரத்தையும் அலுமினியத்தையும் செதுக்கும் இயந்திரத்தைத் தம் வீட்டிலேயே உருவாக்கிக்கொள்வோர் இன்று பல நாடுகளிலும் உளர். திருகுத் தண்டுகளையும் மோட்டார்களையும் ஒரு சிறு மின்னணுப் பலகையையும் வாங்கிப் பொருத்திவிட்டால் இயந்திரம் அசையத் தொடங்கிவிடுகிறது. ஆயினும், வெட்டுமுனையைச் சுழற்றும் மோட்டாருக்கு மின்சாரம் கொடுத்த மறுகணமே, எவரும் தொடாத எல்லை விசை தொடப்பட்டதாக அறிவிக்க, இயந்திரம் பாதி வேலையில் நின்றுவிடுவதும் உண்டு. சில வேளைகளில் அது நிற்பதுமில்லை. தன் இடத்தைத் தவறவிட்டபடியே வெட்டிக்கொண்டு போகும். "எர்த் சரியில்லை" என்பதே பட்டறையில் உடனே சொல்லப்படும் காரணம். அந்த ஒரு சொல்லுக்குள் ஏறத்தாழ இருநூறு ஆண்டு வரலாறு அடங்கிக் கிடக்கிறது. அதில் ஒரு பெரும் மயக்கமும் அடங்கியுள்ளது.

செர்மனியில் நூரம்பெர்க் நகருக்கும் ஃபியூர்த் நகருக்கும் இடையே 1835-ஆம் ஆண்டில் இருப்புப்பாதை திறக்கப்பட்டது. அதன் இரு தண்டவாளங்களையே தந்திக் கம்பிகளாகப் பயன்படுத்தலாமா என்று 1838-இல் ஆராய்ந்தார் கார்ல் ஆகஸ்ட் ஸ்டைன்ஹைல் என்னும் அறிஞர். முயற்சி தோல்வியுற்றது. ஒரு தண்டவாளத்தில் செலுத்திய மின்னோட்டம் நிலத்தின் வழியே கசிந்து மற்றொன்றை அடைந்துவிட்டது. பிறர் இதனைக் குறையாகக் கண்டு கைவிட்டிருப்பர். ஸ்டைன்ஹைலோ, நிலம் மின்சாரத்தைக் கடத்துமாயின் திரும்பி வருவதற்கென்று இரண்டாவது கம்பி எதற்கு என்று வினவினார். இரு முனைகளிலும் உலோகத் தகடுகளை மண்ணில் புதைத்து, ஒற்றைக் கம்பியாலேயே செய்தி அனுப்பிக் காட்டினார். தந்தி அமைப்போருக்குக் கம்பிச் செலவு பாதியாயிற்று. மண், விலையில்லாக் கம்பியாயிற்று.

கடலுக்கடியில் தந்தி சென்றபோதும் இம்முறையே தொடர்ந்தது. கடல்நீரே திரும்புவழி. ஆனால் போகும் கம்பியை நீரிலிருந்து பிரித்துக் காக்கும் உறை ஒன்று வேண்டியிருந்தது. அவ்வுறையைத் தந்தது மலாய் மண். தாபான் மரத்தின் பாலை இறுகச் செய்து உள்ளூர் மக்கள் பாராங் கத்திக்குப் பிடி செய்துவந்ததைச் சிங்கப்பூரில் மருத்துவராக இருந்த வில்லியம் மாண்ட்கொமரி கண்டார். 1843-இல் அதன் மாதிரிகள் இலண்டனைச் சென்றடைந்தன. 'கெத்தா பெர்ச்சா' எனப்பட்ட அப்பொருளால் மூடப்பட்ட கம்பியே 1851-இல் டோவருக்கும் கலேக்கும் இடையே கடலடியில் கிடந்து செய்தி சுமந்தது. 1871-ஆம் ஆண்டளவில் சென்னையும் பினாங்கும் சிங்கப்பூரும் அவ்வாறே இணைந்தன. இரப்பர் மரத்தைப் போலக் கீறிப் பாலெடுக்கும் வழக்கம் இதற்கில்லை; மரத்தையே வெட்டிச் சாய்த்தனர். கண்டங்கள் பேசிக்கொள்ளத் தொடங்கிய சில ஆண்டுகளுக்குள் சிங்கப்பூர்த் தீவில் தாபான் மரம் ஏறத்தாழ அற்றுப்போயிற்று. மண் இலவசமாகக் கம்பி தந்தது என்னும் பேச்சில் இம்மரங்களின் கணக்கு சேர்வதில்லை.

அந்த விலையில்லாக் கம்பி வெறுமையாக இல்லை என்பதை 1859-ஆம் ஆண்டு செப்டம்பர் முதல் நாட்களில் எழுந்த பெருஞ்சூரியப் புயல் உணர்த்திற்று. புவியின் காந்தப்புலம் கலங்கியதால் நிலத்திலும் நெடுந்தொலைவுத் தந்திக் கம்பிகளிலும் வேண்டா மின்னோட்டம் பாய்ந்தது. அமெரிக்காவில் பாஸ்டனுக்கும் போர்ட்லாந்துக்கும் இடையே தந்தி இயக்கியோர் மின்கலங்களைக் கழற்றிவிட்டு, வானம் தந்த மின்சாரத்தைக் கொண்டே சிறிது நேரம் உரையாடினர். அது வியப்பாகப் பேசப்பட்டதே அன்றி, எச்சரிக்கையாகக் கொள்ளப்படவில்லை. தந்தியின் விட்டுவிட்டு ஒலிக்கும் குறிகளுக்குச் சிறு இரைச்சல் ஒரு பொருட்டன்று.

தொலைபேசி வந்ததும் நிலைமை மாறியது. மனிதக் குரலின் நுண்ணிய அசைவுகளைச் சுமக்கும் கம்பியும் மண்ணையே திரும்புவழியாகக் கொண்டிருந்தது. 1888-இல் அமெரிக்காவின் ரிச்மண்ட் நகரில் பிராங்க் ஸ்பிரேக் மின்சார டிராம் வண்டிகளை வெற்றியுடன் ஓட்டிக் காட்டியபின், நகரந்தோறும் டிராம்கள் பெருகின. அவற்றின் மின்னோட்டமும் தண்டவாளம் வழியாகவும் மண் வழியாகவுமே திரும்பிற்று. ஒரே பாதையில் யானையும் எறும்பும் நடந்தால் துன்புறுவது எது என்று சொல்ல வேண்டுவதில்லை. தொலைபேசியில் உறுமலும் கீச்சொலியும் நிறைந்தன.

சின்சினாட்டி நகரில் இச்சண்டை நீதிமன்றம் ஏறியது. ஓஹாயோ மாநில உச்சநீதிமன்றம் 1891-இல் டிராம் நிறுவனத்தின் பக்கமே தீர்ப்பளித்தது: தெருவின் முதற்பயன் மக்கள் போக்குவரத்து, தொலைபேசி அதற்கு அடங்கியதே. மண் எவர்க்கும் தனியுடைமை அன்று என்பதே இதன் உட்பொருள் எனலாம். விந்தை என்னவெனில், வழக்கில் வென்ற பின்னரும் அந்நகர டிராம்கள் மேலே இரண்டு கம்பிகள் கொண்ட முறையிலேயே 1951 வரை ஓடின. தொலைபேசியும் காலப்போக்கில் மண்ணைக் கைவிட்டு இரு கம்பிக்கு மாறிற்று. ஸ்டைன்ஹைல் மிச்சப்படுத்திய கம்பியை இரு தரப்பும் திரும்பப் பெற்றுக்கொண்டன.

அவ்விரு கம்பிகளையும் ஒன்றோடொன்று முறுக்கிவிட்டால் புறத்தேயிருந்து வரும் இரைச்சல் இரண்டையும் ஒரே அளவில் தாக்கித் தன்னைத்தானே அழித்துக்கொள்ளும். இதற்கு அலெக்சாண்டர் கிரகாம் பெல் 1881-இல் காப்புரிமை பெற்றார். அதற்கு முந்திய ஆண்டில் ஆலிவர் ஹெவிசைடு, ஒரு கம்பியைக் குழல் போன்ற மற்றொரு கடத்தியால் முற்றிலும் சூழும் அமைப்புக்குக் காப்புரிமை பெற்றிருந்தார். கவசக் கம்பியின் தொடக்கம் அதுவே.

கவசத்தின் தத்துவத்தை அவருக்கும் முன்பே மைக்கேல் ஃபாரடே விளக்கியிருந்தார். 1836-இல், ஒவ்வொரு பக்கமும் 12 அடி கொண்ட அறையொன்றைக் கட்டி, அதனைக் கம்பியாலும் உலோகத் தாளாலும் மூடி, வலிய மின்னூட்டம் ஏற்றச் செய்து தாமே உள்ளே புகுந்தார். வெளிப்புறம் பொறி பறந்தது. உள்ளே இருந்த கருவிகள் எதுவும் அசையவில்லை. இங்கே பலரும் கவனியாத செய்தி ஒன்று உண்டு. அவ்வறை மண்ணோடு இணைக்கப்படவில்லை. மாறாக, மண்ணிலிருந்து பிரித்தே வைக்கப்பட்டிருந்தது. கவசத்தின் ஆற்றல் மண்ணிலிருந்து வருவதன்று. வானில் பறக்கும் விமானத்தில் கவசக் கம்பிகள் ஏராளம். அதன் வாலில் தொங்கி நிலத்தைத் தொடும் கம்பி ஏதும் இல்லை.

எண்களால் இயங்கும் இயந்திரத்தின் கதை இதற்குப் பின்னரே வருகிறது. மிச்சிகனைச் சேர்ந்த ஜான் பார்சன்ஸ் என்பாரின் எண்ணத்தில் தோன்றி, மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் 1952-இல் இயக்கிக் காட்டப்பட்ட முதல் இயந்திரம், துளையிட்ட நாடாவைப் படித்து உலோகத்தைச் செதுக்கியது. கட்டுப்பாட்டுப் பெட்டியில் 292 வெற்றிடக் குழல்கள் இருந்தன. செதுக்கும் இயந்திரம் சின்சினாட்டியில் செய்யப்பட்டது என்பது ஓர் இனிய தற்செயல். அமெரிக்கத் தர நிர்ணய நிறுவனம் ஒன்று 1990-களில் எவரும் பயன்படுத்தும்படி வெளியிட்ட கட்டுப்பாட்டு நிரலும், 2009-இல் தோன்றிய 'ஜி.ஆர்.பி.எல்.' என்னும் சிறு நிரலும் அத்தொழிலைப் பெருந்தொழிற்சாலையிலிருந்து வீட்டுக் கொட்டகைக்குக் கொண்டுவந்தன. இரைச்சலும் உடன் வந்தது.

வீட்டு இயந்திரத்தில் டிராமின் இடத்தை வகிப்பது, வெட்டுமுனையைச் சுழற்றும் மோட்டாரின் வேகத்தை மாற்றும் கருவி. அது 230 வோல்ட் மின்சாரத்தை ஏறத்தாழ 325 வோல்ட் நேர்மின்னாக மாற்றி, நொடிக்குப் பல்லாயிரம் முறை வெட்டி வெட்டி அனுப்புகிறது. தொலைபேசியின் இடத்தில் இருப்பவை 5 வோல்ட் குறிகளைச் சுமக்கும் மெல்லிய கம்பிகள். ஒரு மீட்டர் நீளக் கம்பியில் ஓர் ஆம்பியர் மின்னோட்டம் ஒரு மைக்ரோ வினாடியின் பத்திலொரு பங்கில் எழுந்தால், அக்கம்பியின் இரு முனைகளுக்கும் இடையே ஏறத்தாழ 10 வோல்ட் தோன்றும். குறியைவிட இரைச்சல் இரு மடங்கு. மோட்டாருக்கும் குறிக் கம்பிக்கும் ஒரே கம்பியைத் திரும்புவழியாக வைப்பவர், தம் மேசையின் மீதே 1891-ஆம் ஆண்டுச் சின்சினாட்டியை அமைத்துக்கொள்கிறார்.

இங்குதான் பழைய மயக்கம் குறுக்கிடுகிறது. இரைச்சலை மண்ணில் கொட்டிவிடலாம், அது அங்கே மறைந்துவிடும் என்று எண்ணுகின்றனர். மின்னோட்டம் எங்கும் மறைவதில்லை. புறப்பட்ட இடத்துக்கே திரும்புகிறது. வேகக் கருவியிலிருந்து புறப்பட்டு மோட்டாரின் உடலுக்குக் கசிந்த மின்னோட்டம், அக்கருவிக்கே மீள வழி தேடும். மோட்டார்க் கம்பியைச் சூழ்ந்த கவசத்தை இரு முனையிலும், ஒன்றில் மோட்டாரின் உடலோடும் மற்றதில் கருவியின் உலோகப் பெட்டியோடும், அகலமாக இறுக்கிவிட்டால் அது அக்கவசத்தின் உட்புறமாகவே வீடு திரும்பும். வழி கொடாவிட்டால் இயந்திரத்தின் சட்டம், எல்லை விசையின் கம்பி, கணினி என ஊர் சுற்றியே திரும்பும். மெல்லிய குறிக் கம்பியின் கவசத்துக்கோ நெறி வேறு. அதைக் கட்டுப்பாட்டுப் பெட்டியின் பக்கம் ஒரு முனையில் மட்டும் இணைப்பதே பெரும்பாலும் நலம். இரு முனையிலும் இணைத்தால் கவசமே பிறருடைய மின்னோட்டத்துக்கு வழியாகிவிடக்கூடும். இணையாமலே விட்டாலோ அது வெறும் உலோக உறை.

மயக்கத்தின் கொடிய விளைவு இரைச்சலன்று. 'தூய மண்' வேண்டுமென்று வீட்டின் காப்புக் கம்பியை அறுத்துவிட்டு, தோட்டத்தில் தனியாக ஓர் இரும்புத் தடியை அறைந்து இயந்திரத்தை அதனோடு மட்டும் இணைப்போர் உண்டு. அத்தடிக்கும் மண்ணுக்கும் இடையே 50 ஓம் தடை இருப்பதாகக் கொள்க. மின்கம்பி ஒன்று பழுதுற்று இயந்திரத்தின் உடலைத் தொட்டால், 230 வோல்ட்டில் பாயும் மின்னோட்டம் 5 ஆம்பியருக்கும் குறைவு. 13 ஆம்பியர் உருகி உருகாது. இயந்திரம் பார்வைக்கு அமைதியாக நிற்கும். அதன் உடல் முழுவதும் உயிர்கொல்லி மின்சாரம் நிற்கும். கசிவு கண்டு துண்டிக்கும் கருவி இல்லாத பழைய வீடாயின், அடுத்துத் தொடும் கையே அதைக் கண்டுபிடிக்கும். பச்சையும் மஞ்சளும் கலந்த அக்காப்புக் கம்பி இரைச்சலைப் போக்க வந்ததன்று. பழுது நேர்ந்த கணத்தில் பெரும் மின்னோட்டத்தைத் தடையின்றித் திருப்பி, உருகியை உருகச் செய்யவே அது இருக்கிறது. தூய்மை நாடி அதனை அறுக்க எவர்க்கும் உரிமையில்லை.

அறிந்த கைவினைஞர், தடி தேடித் தோட்டத்துக்குப் போவதில்லை. காப்புக் கம்பி, வேகக் கருவி, மோட்டார், சட்டம் ஆகிய அனைத்தையும் ஒரே செப்புப் பட்டையில் சேர்க்கின்றனர். சேர்க்கும் இடத்தில் திருகாணியை முடுக்குவதற்கு முன், சட்டத்தின் மீதுள்ள வண்ணப் பூச்சை உப்புத்தாள் கொண்டு உலோகம் மின்னும்வரை தேய்த்து எடுக்கின்றனர்.