மருந்தை மெய்ப்பித்த தாதியர்

புதிய மருந்தைக் கண்டவர் யார் என்று வகுப்பிலே கேட்டால், மாணவர் உடனே ஒரு வைத்தியரின் பெயரைக் கூறுவர். அம்மருந்து மக்களுக்குப் பயன் தரும் என்று மெய்ப்பித்தவர் யார் என்று கேட்டால் வகுப்பு மௌனமாகிவிடும். மாவடிப்பள்ளியிலிருந்து கல்முனை வைத்தியசாலைக்குப் போய்வரும் நாம் தாதியரை நாள்தோறும் காண்கிறோம். ஆயினும் அவர்களை அறிவை ஆக்குவோராக எண்ணியதுண்டா?

சென்னை நகரின் வரலாறு ஒன்று இவ்வினாவுக்கு விடை தருகிறது. 1956இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக சுகாதார ஸ்தாபனம், பிரித்தானிய மருத்துவ ஆராய்ச்சி மன்றம் ஆகிய நான்கும் கூடி அங்கே ஒரு காசநோய்ச் சிகிச்சை ஆய்வு நிலையத்தை அமைத்தன. வலஸ் பொக்ஸ் என்னும் ஆங்கில வைத்தியர் அவ்வாய்வை வழிநடத்தினார். நோயாளரோ எண்ணற்றோர், கட்டில்களோ மிகச் சில. ஏழை தன் குடிசையிலிருந்தே குணமடைய முடியுமா? இதுவே கேள்வி. 193 நோயாளர் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கப்பட்டனர். ஒரு பிரிவினர் சானடோரியத்திலும், மறுபிரிவினர் வீட்டிலும் ஓராண்டு ஒரே மருந்துகளை உட்கொண்டனர்.

வீட்டிலே கொடுத்த மருந்து வயிற்றுக்குள் போயிற்றா, குப்பைக்குப் போயிற்றா? இது தெரியாவிடின் ஆய்வு முழுவதும் பொய்யாகிவிடும். பொதுச் சுகாதாரத் தாதியரும் சுகாதாரப் பார்வையாளரும் சந்து சந்தாக நடந்து அந்த வீடுகளுக்குச் சென்றனர். சொல்லாமற் போய் மிஞ்சிய மருந்தை எண்ணினர். சிறுநீர் மாதிரிகளைப் பரிசோதனைக்குச் சேகரித்தனர். இருமல் தணிந்ததும் மருந்தை நிறுத்த எண்ணுவது நோயாளரின் இயல்பு. அவர்களிடம் பொறுமையோடு பேசி, சிகிச்சையைத் தொடரச் செய்வதும் இப்பணியின் பகுதியே. அதட்டி இதனைச் சாதிக்க முடியாது, நம்பிக்கையே வேண்டும்.

1959இல் அறிக்கை வெளிவந்தது. வீட்டிலிருந்தோர் நெருக்கடியில் வாழ்ந்தனர். குறைந்த உணவையே உண்டனர். ஆயினும் சானடோரியத்தில் இருந்தோருக்கு ஏறத்தாழ இணையாகவே குணமடைந்தனர். அவர்களோடு வாழ்ந்த குடும்பத்தாருக்கும் அதனால் மிகுதியான ஆபத்து நேரவில்லை என்பது தொடர்ந்த ஆய்வுகளில் தெளிவாயிற்று. உலகெங்கும் காசநோய்ச் சிகிச்சை கட்டிலை விட்டு வீட்டை நோக்கித் திரும்பியதற்கு இவ்வாய்வு ஒரு பெருங்காரணம்.

அவ்வறிக்கை நிலையத்தின் பெயரிலேயே வெளிவந்தது. வலஸ் பொக்ஸின் பெயரை மருத்துவ வரலாறு பேணிக்கொண்டது; வீடு வீடாக ஏறி இறங்கியோரின் பெயர்களைப் பொதுமக்கள் அறியார். அவர்கள் எழுதிய எண்கள் பொய்த்திருந்தால் ஆய்வின் முடிவும் பொய்த்திருக்கும். இன்றும் மருத்துவ ஆய்வுகளில் நோயாளருக்கு விளக்கம் கூறுவோரும், பக்கவிளைவுகளை முதலிற் காண்போரும் பெரும்பாலும் தாதியரே. விஞ்ஞான வரலாற்றைக் கற்பிக்கும் ஆசிரியர் இவ்வுழைப்பையும் அதன் ஓர் அத்தியாயமாகவே கற்பித்தல் வேண்டும்.