ஆமை கற்றுக்கொடுத்த பாடம்

கைபேசியைச் சாய்த்துத் திருப்பினால் திரையில் உள்ள படமும் திரும்புகிறது. பேசுவதற்குக் காதோடு வைத்தால் திரை தானே அணைந்துவிடுகிறது. வெயிலுக்குப் போனால் வெளிச்சம் கூடுகிறது. நாம் இதையெல்லாம் கவனிப்பதுகூட இல்லை. அந்தச் சிறிய கருவிக்குள் சாய்வை அறிய ஒன்று, திசையை அறிய ஒன்று, ஒளியை அறிய ஒன்று எனத் தனித்தனி உணரிகள் இருக்கின்றன. அவற்றோடு இரண்டு மோட்டாரும் சக்கரங்களும் சேர்ந்தால் ஒரு ரோபோவுக்கு வேண்டியது கிட்டத்தட்ட எல்லாம் வந்துவிடும். இத்தகைய ரோபோக்கள் பிள்ளைகளின் கைக்கு எப்படி வந்தன என்ற வரலாற்றை இம்முறை பார்ப்போம். அது ஓர் ஆமையில் தொடங்குகிறது.

பிரிஸ்டல் ஆமைகள்

இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் மூளையின் மின்னலைகளை ஆராய்ந்தவர் வில்லியம் கிரே வால்டர். 1948, 1949 ஆண்டுகளில் அவர் எல்மர், எல்சி என்ற இரண்டு இயந்திர ஆமைகளைச் செய்தார். பழைய வானொலிப் பெட்டிகளில் இருந்ததைப் போன்ற வால்வுகள் ஒவ்வொன்றிலும் இரண்டே இரண்டு. ஒளியை அறிய ஒரு கண்; முட்டினால் அறிய ஒரு தொடு உணரி. இவ்வளவை வைத்துக்கொண்டே அவை வெளிச்சத்தைத் தேடிப் போயின. ஒளி மிகவும் கூசினால் விலகின. தடையில் முட்டினால் சுற்றிப் போயின. பாட்டரி குறைந்தால் விளக்கு எரியும் தங்கள் கூண்டுக்குத் திரும்பின. 1951இல் நடந்த பிரித்தானியத் திருவிழாவில் பொதுமக்களும் இவ்வகை ஆமைகளைப் பார்த்து வியந்தார்கள். ஆனால் வியக்கத்தான் முடிந்தது. ஆமை என்ன செய்ய வேண்டும் என்பதை அதைச் செய்தவர் முன்பே முடிவு செய்திருந்தார்.

கட்டளை பிள்ளையின் கையில்

அந்த நிலையை மாற்றியவர்களில் முக்கியமானவர் சீமோர் பேப்பர்ட். 1928இல் தென்னாப்பிரிக்காவில் பிறந்தவர். இளம் வயதிலேயே அந்நாட்டின் நிறவெறிக்கு எதிராக நின்றவர். பின்னர் ஜெனீவாவில் ழான் பியாஜேயோடு சில ஆண்டுகள் பணியாற்றினார். பிள்ளைகள் காலிப் பாத்திரங்கள் அல்லர், தங்கள் அறிவைத் தாங்களே கட்டி எழுப்புகிறவர்கள் என்பது பியாஜேயின் கருத்து. அந்த எண்ணத்தோடுதான் பேப்பர்ட் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்துக்குப் போனார்.

1967இல் அவரும் வாலி ஃபியூர்ஸைக், சிந்தியா சாலமன் ஆகியோரும் சேர்ந்து ‘லோகோ’ என்ற கணினி மொழியை உருவாக்கினார்கள். அன்று கணினி பெரிய நிறுவனங்களின் சொத்து. அதைச் சிறுபிள்ளைகளிடம் கொடுப்பதா என்று சிரித்தவர்கள் பலர். சில ஆண்டுகளில் லோகோவுக்கு ஓர் ஆமையும் வந்தது. கணினியோடு கம்பியால் இணைத்த, தரையில் உருளும் ரோபோ அது. அதன் நடுவில் ஒரு பேனா. ‘100 முன்னே போ, 90 பாகை வலப்புறம் திரும்பு’ என்று நான்கு முறை சொன்னால், தாளில் ஒரு சதுரம் வரைந்துவிடும்.

முக்கோணம் வரையச் சொல்லும்போதுதான் வேடிக்கை. சமபக்க முக்கோணத்தின் ஒவ்வொரு கோணமும் 60 பாகை என்று படித்திருக்கிறோம். எனவே பிள்ளை ‘60 பாகை திரும்பு’ என்று எழுதும். ஆமை மூன்று கோடுகள் போடும், முக்கோணம் மூடாது. அறுகோணத்தின் பாதிதான் வரும். ஏன்? பிள்ளையே எழுந்து, ஆமையைப் போலத் தரையில் நடந்து பார்த்தால் விடை தெரியும். நேராகப் போய்க்கொண்டிருப்பவர் அடுத்த பக்கத்துக்குத் திரும்ப வேண்டியது வெளிக்கோணம், அதாவது 120 பாகை. இதைத் தன் காலாலேயே கண்டுபிடித்த பிள்ளை வாழ்நாளில் மறக்காது.

பேப்பர்ட் மிகவும் மதித்த பாடம் இதுவே. பரீட்சைத் தாளில் பிழை என்றால் சிவப்பு மையில் ஒரு கோடு, கதை முடிந்தது. ஆமையிடம் பிழை என்றால் வேலை அங்கேதான் தொடங்குகிறது: எங்கே தவறினோம் என்று தேடு, திருத்து, மறுபடி ஓடவிடு. மூன்று முறை மறுதலித்த பேதுருவைக் கர்த்தர் தள்ளிவிடவில்லை. கடற்கரையில் அப்பமும் மீனும் கொடுத்து, மந்தையை அவரிடமே ஒப்படைத்தார். தவறியவனுக்கு மறுபடி வேலை கொடுப்பது என்ன என்று நமக்குத் தெரியாததா?

மஞ்சள் செங்கல்

1980இல் பேப்பர்ட் தம் எண்ணங்களை ‘மைண்ட்ஸ்டார்ம்ஸ்’ என்ற நூலாக எழுதினார். அடுத்த சில ஆண்டுகளில் டென்மார்க்கின் லெகோ நிறுவனமும் எம்.ஐ.டி.யும் கைகோத்தன. 1998இல் லெகோ வெளியிட்ட ரோபோ பெட்டிக்கு அந்நூலின் பெயரையே வைத்தார்கள். அதன் இதயம் ஒரு மஞ்சள் நிறக் கட்டை. அதற்குள் ஒரு சிறு கணினி. மோட்டார்களையும் தொடு உணரி, ஒளி உணரி ஆகியவற்றையும் அதில் பொருத்தலாம்.

கறுப்புக் கோட்டைப் பின்பற்றி ஓடும் வண்டிதான் பலருக்கும் முதல் பயிற்சி. வெள்ளைத்தாள் அதிக ஒளியைத் திருப்பி அனுப்பும். கறுப்புக் கோடு குறைவாக அனுப்பும். வெளிச்சம் குறைந்தால் ஒரு பக்கம் திரும்பு, கூடினால் மறுபக்கம் திரும்பு என்று எழுதினால், வண்டி கோட்டின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டே போகும். காலையில் அழகாக ஓடிய வண்டி மாலையில் வழி தவறும். சன்னல் வெளிச்சம் மாறியிருக்கும்! அளவை மறுபடி பார்த்து மாற்ற வேண்டும்.

2006இல் வந்த அடுத்த வகையில் புளூடூத் இருந்தது. கைபேசியாலேயே ரோபோவை இயக்க முடிந்தது. 2022 முடிவில் லெகோ இந்த வரிசையையே நிறுத்திவிட்டது. ஆனால் அதற்குள் கதை வேறு கைகளுக்குப் போய்விட்டது.

நம் சட்டைப்பையில்

2015இல் தொடங்கிய பருவத்திலிருந்து ‘ஃபர்ஸ்ட் டெக் சேலஞ்ச்’ என்ற மாணவர் போட்டியில் ஆண்ட்ராய்டு கைபேசியே ரோபோவின் மூளையானது. ஒன்று ரோபோவின் மேல், இன்னொன்று ஓட்டுபவர் கையில். 2016இல் பிரித்தானியாவில் 11, 12 வயது மாணவர்களுக்கு ‘மைக்ரோபிட்’ என்ற சிறு கணினிப் பலகையை பி.பி.சி. இலவசமாக வழங்கியது. சாய்வையும் திசையையும் அறியும் உணரிகள் அதில் உண்டு. கைபேசியிலிருந்தே அதற்கு நிரல் அனுப்பலாம். 2020இல் இன்டெல் ஆய்வாளர்கள் ‘ஓபன்பாட்’ என்ற வடிவமைப்பை எல்லாருக்கும் திறந்து வைத்தார்கள். ஏறத்தாழ 50 டாலர் செலவில் வண்டியைச் செய்து, மேலே கைபேசியைப் பொருத்தினால் போதும். கண்ணும் மூளையும் கைபேசியே.

கணினி பிள்ளையை இயக்குகிறதா, பிள்ளை கணினியை இயக்குகிறதா என்பதே பேப்பர்ட்டின் கேள்வி. 2016இல் அவர் மறைந்துவிட்டார், கேள்வி மறையவில்லை. காலையில் எழுந்ததும் நம்மை எடுக்கச் சொல்வதும், இரவில் தூங்கவிடாமல் விரலை நகர்த்தச் சொல்வதும் யார்? கட்டளை இடுவது நாமா, அதுவா?

ஒரு தாலந்தை வாங்கி மண்ணில் புதைத்துவைத்தவனின் உவமை நமக்குத் தெரியும். நம் வீட்டு மேசை இழுப்பறையில் பழைய கைபேசி ஒன்று கிடக்கும். அந்த ஆமைகளிடம் இருந்ததைவிட எத்தனையோ மடங்கு உணரிகள் அதில் இருக்கின்றன. இந்த விடுமுறையில் அதை வெளியே எடுப்போம். நம் ஓய்வுநாள் பள்ளித் தம்பி தங்கைகள் இரண்டு பேரைப் பக்கத்தில் உட்காரவைப்போம். முதலில் தரையில் ஒரு முக்கோணம் நடந்து பார்க்கச் சொல்வோம். அவர்கள் 60 பாகை என்று சொன்னால், உடனே திருத்திவிட வேண்டாம்.