கடற்பஞ்சுகளில் வாழும் பாக்டீரியாக்கள்

கடற்பஞ்சு என்பது வாயும் வயிறும் நரம்பும் இன்றி, உடலெங்கும் துளைகளை உடையதாய், சமுத்திர ஜலத்தை ஓயாது உள்ளிழுத்து வெளிவிட்டு, அதில் மிதந்துவரும் நுண்ணுயிர்களை வடித்து உண்டு ஜீவிக்கும் மிகப் புராதனமான பிராணி வர்க்கமாகும். பாக்டீரியாவையே பிரதான ஆகாரமாகக் கொண்ட இப்பிராணி, அவற்றுள் சில இனங்களை மட்டும் ஜீரணிக்காமல் தன் திசுக்களிடையே குடியிருக்க விடுவதும், சில கடற்பஞ்சுகளில் அக்குடிகளின் நிறை மொத்த நிறையில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்படுவதும் உயிர்நூலின் அபூர்வச் செய்திகளுள் அடங்கும். இவை தற்செயலாக வந்து தங்கியவை அல்ல. பல இனங்களில் தாய்ப்பஞ்சு தன் முட்டையின் வழியாகவும் இளவுயிரியின் வழியாகவும் இவற்றைச் சந்ததிக்கு அளிக்கிறது.

ஓரிடத்தில் ஒட்டிக்கொண்டு, ஓடவும் ஒளியவும் வகையற்ற கடற்பஞ்சு சத்துருக்களுக்கு இரையாகாமல் தப்புவது பெரும்பாலும் தன் உடலிலுள்ள விஷ ரசாயனங்களால்தான். அவற்றின் வைத்திய மதிப்பு, புளோரிடாக் கரையோரப் பஞ்சு ஒன்றிலிருந்து பெர்க்மன் என்பவர் 1950-ஐ ஒட்டிப் பிரித்தெடுத்த நியூக்ளியோசைடுகளால் துலங்கலாயிற்று. அவற்றின் அமைப்பைப் பின்பற்றி உருவான சைட்டாரபின், 1969-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்று, இன்றளவும் இரத்தப் புற்றுநோய்க்குரிய முக்கிய ஔஷதமாக விளங்குகிறது.

இந்த ரசாயனங்களை ஆக்குவது பஞ்சா, அதனுள் வாழும் பாக்டீரியாவா என்ற வினாவே இத்துறைக்கு ஜீவநாடி. 1990-களில் பால்க்னர் குழுவினர், பலாவ் தீவுகளில் எடுத்த தியோனெல்லா ஸ்வின்ஹோயி என்னும் பஞ்சின் செல்களை வகைவகையாகப் பிரித்து, ஸ்வின்ஹோலைடு என்ற நஞ்சு ஒற்றைச்செல் பாக்டீரியாக்களிலும், தியோபலாவமைடு என்ற பெப்டைடு இழைவடிவப் பாக்டீரியாக்களிலும் தங்கியிருப்பதைக் காட்டினர். ஒரு பொருள் ஓரிடத்தில் இருப்பதால் மட்டும் அது அங்கேயே பிறந்ததென்று கொள்ளலாகாது என ஆட்சேபிக்க இடமிருந்தது; அந்தச் சந்தேகத்தை 2014-இல் யோர்ன் பீல் குழுவினர் ஜீன்களைக் கொண்டே பெரிதும் தீர்த்தனர். அதே இனத்து ஜப்பானியப் பஞ்சில் வாழும் என்டோதியோனெல்லா என்ற இழைவடிவப் பாக்டீரியாவின் மரபுப்பொருளில், அப்பஞ்சின் வீரியமிக்க பாலிகீட்டைடு, பெப்டைடு வகைகளுள் ஏறக்குறைய யாவற்றையும் ஆக்கும் ஜீன்கள் அமைந்திருந்தன. ஒரே நுண்ணுயிரிடம் இத்தனை ரசாயனத் திறன் குவிந்திருத்தல், ஆன்டிபயாட்டிக்குகளுக்குப் பேர்போன மண்வாழ் ஆக்டினோமைசீட்டுகளுக்கு நிகரானது எனலாம்.

ரசாயனத்தை ஆக்கும் ஜீன்களை இவ்வாறு இனங்காண்பதன் பிரயோஜனத்தை, ஹாலிகாண்ட்ரின் என்னும் பஞ்சு ரசாயனத்தின் வரலாறு தெளிவாக்கும். புற்றணுக்களை அழிக்கவல்ல அப்பொருளைப் பெற நியூசிலாந்துக் கடலில் 1 டன் பஞ்சைச் சேகரித்தும் கிடைத்தது ஏறத்தாழ 300 மில்லிகிராமே. கடலைச் சூறையாடி மருந்து செய்வது தகாது, இயலவும் இயலாது. அதன் மூலக்கூற்றைச் சுருக்கி ரசாயன முறையில் சமைத்த எரிபுலின் 2010-இல் அங்கீகாரம் பெற்றதாயினும், அம்முறை பல படிகளைக் கொண்ட கடும் உழைப்பு. உரிய ஜீன்களை எளிதில் பெருகும் வேறொரு பாக்டீரியாவுக்கு மாற்றி, தொட்டிகளில் வளர்த்துப் பொருளைப் பெறுவதே உயிர்த்தொழில்நுட்ப நிபுணர்கள் நாடும் மார்க்கம். என்டோதியோனெல்லாவைப் போன்றவை ஆய்வுக்கூடத்தில் தனித்து வளர இணங்காமையால் அம்மார்க்கம் இன்றியமையாததுமாகும். எல்லாப் பாக்டீரியாக்களும் அவ்வளவு பிடிவாதமானவை அல்ல: ஆஸ்திரேலியப் பெரும் பவளத்திட்டின் பஞ்சு ஒன்றிலிருந்து வளர்த்தெடுத்த சாலினிஸ்போரா, காசநோய் மருந்தான ரிஃபாம்பிசினுக்கு மூலமாகிய ரிஃபாமைசின் வகைப் பொருள்களைத் தானே உற்பத்தி செய்வதாகக் கண்டுள்ளனர்.