குந்தவையா, மணிமேகலையா?

நம் குடியிருப்பில் இந்தக் காலாண்டில் ஒரு பெண் குழந்தை பிறந்திருக்கிறாள். இன்னும் பெயர் வைக்கவில்லை. அம்மா வீட்டார் குந்தவை என்கிறார்கள், அப்பா வீட்டார் மணிமேகலை என்கிறார்கள். லிஃப்டில் ஏறினாலும் பூங்கா பெஞ்சில் உட்கார்ந்தாலும் இதே பேச்சுதான். குழந்தைக்குச் சம்பந்தமில்லாத நாமும் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிட்டோம். வாட்ஸ்அப் குழுவில் வாக்கெடுப்பு நடத்தலாம் என்றுகூட ஒருவர் சொன்னார். அதற்கு முன் இந்த இரண்டு பெயர்களும் எங்கிருந்து வந்தன என்று தெரிந்துகொள்வது நல்லது. நாளைக்கு உங்கள் வீட்டிலும் இந்தக் கேள்வி வரலாம்.

குந்தவை என்றதும் உங்களுக்கு நினைவுக்கு வருவது யார்? 2022-ல் படம் பார்த்தவர்களுக்கு த்ரிஷா. அதற்கு முந்தைய தலைமுறைக்கு, 1950 முதல் 1954 வரை கல்கி எழுதிய தொடர்கதையின் இளைய பிராட்டி. இருவருக்கும் பின்னால் நிஜமான ஒரு பெண் இருக்கிறாள். சுந்தர சோழனின் மகள், முதலாம் ராஜராஜனின் அக்கா.

தஞ்சைப் பெரிய கோயிலுக்குப் போனால் விமானத்தின் அடிப்பகுதியில் ஓடும் கல்வெட்டைக் கொஞ்சம் நின்று பாருங்கள். கோயிலுக்கு யார் யார் என்ன கொடுத்தார்களோ அதையெல்லாம் கல்லில் வெட்டச் சொல்லி ராஜராஜன் இட்ட ஆணை அதில் இருக்கிறது. முதலில் தான் கொடுத்தவை, அடுத்து ‘நம் அக்கன்’ கொடுத்தவை, அதற்கும் அடுத்துத்தான் தன் தேவியர் கொடுத்தவை, பிறகு மற்றவர்கள் கொடுத்தவை. இந்த வரிசையைக் கவனியுங்கள். பட்டத்து அரசிகளுக்கு முன்னால் அக்கா நிற்கிறாள். அவள் கொடுத்ததும் கொஞ்சமில்லை. செப்புத் திருமேனிகள், பொன் பாத்திரங்கள், நகைகள் என்று பட்டியல் நீள்கிறது. இறந்துபோன தன் அப்பாவுக்கும் அம்மாவுக்கும்கூட அந்தக் கோயிலில் அவள் திருமேனி எடுத்து வைத்தாள்.

திண்டிவனம் பக்கத்தில் இருக்கும் தாதாபுரம் அந்தக் காலத்தில் ராஜராஜபுரம். அந்த ஒரே ஊரில் சிவனுக்கு ஒன்று, விஷ்ணுவுக்கு ஒன்று, சமணருக்கு ஒன்று என்று மூன்று கோயில்களை இந்தக் குந்தவை கட்டினாள். எல்லாப் பண்டிகைக்கும் ஒரே கிளப் ஹவுஸ் என்பதால் நமக்குள் நடக்கும் தேதிச் சண்டையை நினைத்துக்கொண்டு இதைப் படியுங்கள்.

எனக்கு அவளுடைய கோயில்களைவிட அவள் பெயர் எழுதப்பட்டிருக்கும் விதம் பிடிக்கும். கல்வெட்டுகளில் அவள் ராஜராஜ தேவரின் தமக்கை, வல்லவரையர் வந்தியதேவரின் தேவி. ஆனால் பெயர் என்று வரும்போது ‘பராந்தகன் குந்தவை’. சுந்தர சோழனின் இன்னொரு பெயர் பராந்தகன். திருமணமாகி, தம்பி அரசனாகி, ஆயிரம் பெருமை வந்த பிறகும் அப்பா பெயரையே முன்னால் வைத்துக்கொண்டாள். கல்யாணத்துக்குப் பிறகு இனிஷியலை மாற்றுவதா வேண்டாமா என்று பாஸ்போர்ட் விண்ணப்பத்தோடு குழம்பும் பெண்களுக்கு ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய ஒரு முன்னுதாரணம் இருக்கிறது.

இந்தப் பெயர் அவளோடு தொடங்கவுமில்லை, அவளோடு முடியவுமில்லை. அவள் தாத்தா அரிஞ்சயனின் தேவியரில் ஒருத்தி வீமன் குந்தவை. ராஜராஜன் தன் மகளுக்குத் தன் அக்காவின் பெயரையே வைத்தான். அந்த இரண்டாம் குந்தவை வேங்கி நாட்டு விமலாதித்தனுக்கு மணமுடிக்கப்பட்டு கோதாவரிப் பக்கம் போனாள். அவளோடு பெயரும் போனது. இரண்டு தலைமுறைக்குப் பிறகு அவள் பேரன் குலோத்துங்கனாகச் சோழ அரியணை ஏறியபோது, அவன் தங்கையின் பெயரும் குந்தவை. 1114-ல் சிதம்பரம் கோயிலுக்கு அவள் கொடுத்த கொடை கல்வெட்டில் இருக்கிறது. ஏறக்குறைய 150 ஆண்டுகளில் நான்கு குந்தவைகள். பாட்டி பெயர், அத்தை பெயர் என்று சீர்வரிசை போலக் கைமாறி வந்த பெயர் இது. பிறகு வீடுகளில் பெரும்பாலும் புழக்கம் ஒழிந்து, கல்லில் மட்டும் தங்கி, கல்கியின் கையால் திரும்ப வந்தது.

மணிமேகலையின் கதை வேறு மாதிரி. குந்தவை வாழ்ந்த பெண், மணிமேகலை காப்பியப் பெண். ஆனால் குந்தவைக்கு ஏன் அந்தப் பெயர் வைத்தார்கள் என்று எந்தக் கல்லும் சொல்லவில்லை. மணிமேகலைக்கு ஏன் அந்தப் பெயர் என்பதைச் சிலப்பதிகாரம் விரிவாகவே சொல்கிறது. அடைக்கலக் காதையில், மதுரைக்கு வெளியே, எல்லாம் இழந்து நிற்கும் கோவலனிடம் மாடலன் என்னும் மறையவன் பழைய நாளை நினைவுபடுத்துகிறான். கோவலன் சாவதற்குச் சற்று முன்னால் நடக்கும் பேச்சு அது.

மாதவிக்குப் பெண் பிறந்திருக்கிறது. வீட்டில் மூத்த கணிகையர் கூடி, குழந்தைக்கு நல்ல பெயராகச் சொல்லுங்கள் என்று பேசிக்கொண்டிருக்கிறார்கள். (அந்தக் காலத்திலும் பெரியவர்கள் கூடித்தான் முடிவு செய்திருக்கிறார்கள், பாருங்கள்.) அப்போது கோவலன் குறுக்கிடுகிறான். அவன் முன்னோர் ஒருவர் கடலில் போகும்போது நள்ளிரவில் கப்பல் உடைந்தது. சில நாள் நீந்தித் தவித்தவரை மணிமேகலை என்னும் கடல் தெய்வம் வந்து கரை சேர்த்தது. எங்கள் குலதெய்வத்தின் பெயரையே இவளுக்கு வையுங்கள் என்கிறான். ஆயிரம் கணிகையர் மணிமேகலை என்று வாழ்த்துகிறார்கள்.

மாதவி கோவலனின் மனைவியல்ல. அந்தக் குழந்தைக்கு அவன் வணிகக் குலத்தின் பெயரோ உரிமையோ தானாக வந்துவிடாது. தாய் வழியில் அவளும் ஆடல் மேடைக்குப் போக வேண்டியவள் என்றுதான் ஊர் நினைத்திருக்கும். அப்படிப்பட்ட வீட்டில், எல்லோர் முன்னாலும், எங்கள் குலதெய்வம் என்று சொல்லி அந்தப் பெயரை வைத்தால் என்ன பொருள்? இவள் என் பெண் என்று ஊரறியச் சொன்னதுதான். கோவலன் செய்த தவறுகள் நமக்குத் தெரியும். இந்த ஒரு காரியத்தை அவன் சரியாகச் செய்தான் என்பது என் எண்ணம். அதே நாளில்தான், தானம் வாங்க வந்த கிழவர் ஒருவரை மதயானை பிடித்துக்கொள்ள, அவன் பாய்ந்து போய் விடுவித்ததும் நடக்கிறது.

அந்தக் குழந்தை வளர்ந்து என்ன ஆனாள் என்பதைச் சீத்தலைச் சாத்தனார் 30 காதைகளில் பாடினார். உ.வே.சாமிநாதையர் 1898-ல் அதை அச்சில் கொண்டுவந்தார். மேடையையும் மறுத்து, துரத்தி வந்த அரசகுமாரனையும் மறுத்து, அமுதசுரபியை ஏந்திப் பசித்தவர்களுக்குச் சோறிட்டாள் அவள். சிறைச்சாலை ஒன்றை அறச்சாலை ஆக்கினாள். அப்பா வைத்த பெயர் அவளை அப்பா வீட்டுக்குக் கொண்டுபோகவில்லை, அம்மா தொழிலிலும் நிறுத்தவில்லை.

அந்தக் கடல் தெய்வம் தமிழ்நாட்டோடு நின்றுவிடவுமில்லை. பௌத்த ஜாதகக் கதையில் கப்பல் உடைந்து ஏழு நாள் நீந்திய மகாஜனகனைக் காப்பாற்றுவது இதே மணிமேகலா. தாய்லாந்து மன்னர் பூமிபோல் 1996-ல் அந்தக் கதையைத் தன் நடையில் எழுதி நூலாக வெளியிட்டார். தாய்லாந்திலும் கம்போடியாவிலும் அவள் மேகலா. அவள் கையிலிருக்கும் மணியைச் சுழற்றினால் மின்னல், அதைப் பறிக்க வரும் அரக்கன் கோடரியை எறிந்தால் இடி. பசிபிக் பெருங்கடலின் மேற்கில் உருவாகும் புயல்களுக்கு வைக்கும் பெயர் வரிசையில் தாய்லாந்து கொடுத்த ‘மேக்கலா’வும் உண்டு. அடுத்த முறை அந்தப் புயலைச் செய்தியில் கேட்டால் நம் காப்பியத்து உறவுக்காரி என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு பெயர்களும் நேருக்கு நேர் சந்தித்த இடம் ஒன்று உண்டு, பொன்னியின் செல்வன்தான். கடம்பூர் மாளிகையில் கந்தமாறனின் தங்கையாக ஒரு மணிமேகலையைக் கல்கி படைத்தார். குந்தவை விரும்பும் அதே வந்தியதேவனை அவளும் விரும்புகிறாள். கதை முடியும் இடத்தில் இறந்துபோகிறாள். நாவலைப் படித்த பல பாட்டிகளுக்கு இன்றும் அந்த மணிமேகலைமீது ஒரு பரிவு உண்டு. குழந்தைக்கு அந்தப் பெயர் வேண்டாம் என்று சொல்பவர்களும் அவர்களேதான்.

மறுப்புகள் இரண்டு பக்கமும் உண்டு. மணிமேகலை துறவி ஆனவளாயிற்றே, பெண் குழந்தைக்கு அந்தப் பெயரா என்பது பெரியவர்கள் கேட்கும் கேள்வி. காப்பியத்திலேயே புகாரைக் கடல் கொண்டதற்கு அதே தெய்வத்தின் சாபம் ஒரு காரணமாக வருகிறது என்றும் சொல்லலாம். இந்திர விழாவை ஊர் மறந்ததால் வந்த கோபம் அது. குழந்தை என்ன செய்தாள்? துறவைச் சொல்லிப் பயப்படுபவர்களுக்கு என் பதில், அவள் தன் வழியைத் தானே தேர்ந்துகொண்டாள் என்பதே. குந்தவைக்கு இருக்கும் தொல்லை வேறு. நம் ஊர்ப் பேச்சில் ‘குந்து’ என்றால் உட்கார். ஸ்கூல் வேனில் அதை வைத்து ஒரு கேலியாவது வரும். வந்தால், தஞ்சாவூர் கல்வெட்டில் ராணிகளுக்கு முன்னால் இருக்கும் பெயர் என்று குழந்தைக்குச் சொல்லிக்கொடுத்துவிடுங்கள், அது போதும்.

சுருக்கிக் கூப்பிடுவதையும் யோசியுங்கள். மணிமேகலை வீட்டில் மணி ஆவாள், மேகலா ஆவாள், ஐந்து எழுத்தையும் முழுதாகக் கூப்பிட யாருக்கும் பொறுமை இருக்காது. குந்தவையைச் சுருக்க வழியில்லை. பெயர் முழுதாக விழ வேண்டும் என்றால் அதுவே நல்லது.

என்னைக் கேட்டால் மணிமேகலை. குந்தவை என்ற பெயருக்குப் பெருமை சேர்த்தது அதைச் சூடிய பெண். அதில் அவள் உழைப்பு இருக்கிறது, உங்கள் குழந்தை அதைப் புதிதாகச் சம்பாதிக்க வேண்டும். மணிமேகலை என்று வைக்கும்போது, இவள் எங்களுடையவள் என்று ஒரு அப்பா சபையில் சொன்ன சொல்லும் சேர்ந்து வருகிறது. ஆனால் ஒரு விலக்கு. குழந்தைக்கு அக்காவோ அத்தையோ இருந்து, வீட்டையே தாங்கியவளாக அவள் இருந்தால், ராஜராஜன் செய்ததைச் செய்யுங்கள். அவள் பெயர் லட்சுமியோ சாந்தியோ, எதுவானாலும் அதையே வையுங்கள்.

முடிவெடுக்க நாள் இருக்கிறது. பிறப்பைத்தான் 21 நாளுக்குள் பதிய வேண்டும், பெயரை 12 மாதம் வரை கட்டணமில்லாமல் சேர்க்கலாம், அதற்கு மேல் 15 ஆண்டு வரை தாமதக் கட்டணத்தோடு சேர்க்கலாம். பதியப் போவதற்கு முன் ஆங்கில எழுத்துகளை வீட்டில் ஒரு தாளில் எழுதி எல்லோரும் பார்த்துவிடுங்கள். மேகலையின் நடுவில் ‘கே’யா ‘ஜி’யா, குந்தவையில் ‘டி’க்குப் பின் ‘ஹெச்’ உண்டா இல்லையா. பிறப்புச் சான்றிதழில் ஒன்றும் ஆதாரில் வேறொன்றுமாக வந்துவிட்டால், பாஸ்போர்ட் எடுக்கும்போது அலைச்சல் உங்களுக்குத்தான்.