பேசாத மொழியின் தேசம்: அயர்லாந்தில் ஐரிஷ் மொழியும் தேசிய அடையாளமும்

19ஆம் நூற்றாண்டு அயர்லாந்தின் மாபெரும் மக்கள் தலைவர் டேனியல் ஓ'கானல். கெரி மாவட்டத்தில் பிறந்தவர். குழந்தைப் பருவத்தின் முதல் சில ஆண்டுகள் ஐரிஷ் பேசும் குடியானவர் வீட்டில் வளர்ந்தவர். கத்தோலிக்கர்கள் நாடாளுமன்ற உறுப்பினராவதற்குத் தடையாக இருந்த சட்டத்தை 1829இல் உடைத்தது அவர் நடத்திய இயக்கம்தான். லட்சக்கணக்கில் மக்கள் கூடிய கூட்டங்களில் அவர் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே பேசினார். ஐரிஷ் மொழி மெல்ல வழக்கொழிவது தமக்கு வருத்தம் தரவில்லை என்றும், ஆங்கிலத்தின் பயன் அதைவிடப் பெரிது என்றும் வெளிப்படையாகவே சொன்னார். அப்படிச் சொன்னதற்காக மக்கள் அவரைக் கைவிடவில்லை. ஐரிஷ்காரர் யார் என்பதற்கு அன்றைய பாமர மக்கள் வைத்திருந்த அடையாளம் மதமும் நிலமும். மொழி அந்த வரிசையில் இன்னும் வந்து சேரவில்லை.

ஒரு தேசத்தின் உறுப்பினராக இருக்க அதன் மொழியைப் பேசித்தான் ஆக வேண்டுமா என்ற கேள்விக்கு அயர்லாந்தைப் போல நீண்ட பதில் தரக்கூடிய நாடுகள் குறைவு. இரண்டு நூற்றாண்டுகளில் அங்கே மொழி தேசத்தின் கண்ணில் படாத பொருளாக இருந்து, உயிர்நாடியாகி, பரீட்சைப் பாடமாகி, இப்போது வேறொன்றாக மாறிக்கொண்டிருக்கிறது. அந்தப் பாதையைப் பின்தொடர்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் மொழி எப்படிப் போனது என்பதைப் பார்க்க வேண்டும். 1831இல் தொடங்கிய தேசியப் பள்ளிகளில் பாடமொழி ஆங்கிலம். ஐரிஷ் மட்டுமே பேசும் ஊர்ப் பிள்ளைகளுக்கும் அதுதான். பல ஊர்களில் பிள்ளையின் கழுத்தில் ஒரு குச்சியைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டார்கள். பிள்ளை ஐரிஷில் பேசும் ஒவ்வொரு முறையும் அதில் ஒரு வெட்டு விழும். பிறகு வெட்டுகளை எண்ணி ஆசிரியர் அடிப்பார். இதில் மனத்தை அறுப்பது, பெற்றோரும் இதற்கு உடன்பட்டார்கள் என்பது. வீட்டில் வெட்டுப் போட்ட தாய் தகப்பன்கள் உண்டு. அவர்களுக்குத் தங்கள் மொழி மீது வெறுப்பில்லை. பிள்ளை கப்பலேறிப் பிழைக்க வேண்டும், அதற்கு ஆங்கிலம் வேண்டும் என்பதே அவர்கள் கண்ட உண்மை.

1845இல் உருளைக்கிழங்குப் பயிரில் நோய் விழுந்தது. அடுத்த சில ஆண்டுகளின் பெரும் பஞ்சத்தில் சுமார் 10 லட்சம் பேர் இறந்தார்கள். அதே அளவினர் நாட்டைவிட்டு வெளியேறினார்கள். மேற்கிலும் தெற்கிலும் இருந்த ஏழைகள்தான் அதிகம் மடிந்தார்கள், ஐரிஷ் அதிகம் பேசியவர்களும் அவர்களே. 1851 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் முதன்முறையாக மொழி பற்றிக் கேட்டபோது சுமார் 15 லட்சம் பேர், அதாவது ஏறத்தாழ நான்கில் ஒருவர், ஐரிஷ் பேசுவதாகப் பதிவானது. அந்தக் கேள்வி படிவத்தின் அடிக்குறிப்பில் இருந்ததால் உண்மைத் தொகை இதைவிடக் கூடுதலாக இருந்திருக்க வேண்டும். 1891இல் இந்த எண்ணிக்கை 6 லட்சத்து 80 ஆயிரமாகச் சரிந்தது.

மொழிதான் தேசம் என்ற கருத்து இந்தச் சரிவின் நடுவில்தான் பிறந்தது. அதைச் சொன்னவர்கள் யார் என்பது முக்கியம். 1842இல் 'தி நேஷன்' இதழைத் தொடங்கியவர்களில் ஒருவரான தாமஸ் டேவிஸ், சொந்த மொழி இல்லாத மக்கள் அரைத் தேசமே என்ற கருத்தை அடுத்த ஆண்டு அதில் எழுதினார். அவர் புராட்டஸ்டன்ட்; ஐரிஷ் அவருக்குத் தாய்மொழி அல்ல. அரை நூற்றாண்டுக்குப் பின் வந்த டக்ளஸ் ஹைட், அயர்லாந்துத் திருச்சபைப் பாதிரியாரின் மகன். ரோஸ்காமன் மாவட்டத்தில் அக்கம்பக்கத்துக் குடியானவர்களிடம் பழகி ஐரிஷ் கற்றவர். 1892 நவம்பரில் டப்ளினில் அவர் ஆற்றிய உரை, அயர்லாந்து ஆங்கிலமயமானதிலிருந்து மீள வேண்டியதன் தேவையை வலியுறுத்தியது. மறு ஆண்டு ஓயின் மக்நீல் உள்ளிட்டோருடன் சேர்ந்து மொழி மீட்புக்கான கேலிக் லீக்கை நிறுவினார். பின்னாளில் இயக்கத்தின் முகமான பேட்ரிக் பியர்ஸின் தந்தை இங்கிலாந்திலிருந்து வந்த சிற்பி. நியூயார்க்கில் பிறந்து பின்னாளில் அயர்லாந்தின் பிரதமரான டி வலேரா லீக் வகுப்பில் ஐரிஷ் படித்தார்; சொல்லிக்கொடுத்த ஆசிரியையையே மணந்தார்.

தாய்மடியில் ஐரிஷ் பெற்ற ஏழைகள் அதைச் சுமையென்று இறக்கி வைத்துக்கொண்டிருந்தபோது, இவர்கள் அதைத் தேடிச் சென்று எடுத்தார்கள். இதை வைத்து மொழி இயக்கத்தைப் படித்தவர்களின் பொழுதுபோக்கு என்று தள்ளிவிடுவது தவறு. மதத்தை அடையாளமாகக் கொண்ட தேசத்தில் ஹைட் போன்ற ஒரு புராட்டஸ்டன்டுக்கு இடமில்லை. மொழியை அடையாளமாகக் கொண்டால் இடம் உண்டு; பிறப்பால் வராததைக் கற்று அடையலாம். மொழித் தேசியம் அதன் தொடக்கத்தில் கதவைத் திறப்பதற்காகச் சொல்லப்பட்டது என்பது என் வாசிப்பு.

எதிர்க்குரலும் உடனே எழுந்தது. ஹைட் பேசிய சில வாரங்களிலேயே கவிஞர் டபிள்யூ. பி. யேட்ஸ் பதில் எழுதினார்: ஆங்கிலத்தில் எழுதினாலும் உணர்வில் ஐரிஷாக இருக்கும் தேசிய இலக்கியத்தைப் படைக்க முடியாதா? யேட்ஸின் வாழ்நாள் முழுவதும் அந்தக் கேள்விக்கான விடையாக அமைந்தது. யேட்ஸையும் ஜாய்ஸையும் ஐரிஷ் எழுத்தாளர்கள் அல்ல என்று இன்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

அன்றைய பிரிட்டிஷ் ஆட்சி இந்த மொழியை எப்படிப் பார்த்தது என்பதற்கு 1905இல் நடந்த வழக்கு ஒன்று போதும். டானகல் மாவட்டத்துக் கவிஞர் நீல் மக் கில்லா ப்ரீட தம் வண்டியில் பெயரை ஐரிஷ் எழுத்தில் எழுதியிருந்தார். வண்டியில் உரிமையாளர் பெயர் படிக்கும்படி இருக்க வேண்டும் என்பது சட்டம். ஐரிஷ் எழுத்து படிக்கும்படியானது அல்ல என்று அபராதம் விதித்தார்கள். டப்ளின் உயர் நீதிமன்றத்தில் அவருக்காக வாதாடியவர் பியர்ஸ். வழக்கறிஞர் தகுதி பெற்றிருந்த அவர் நீதிமன்றம் ஏறிய ஒரே வழக்கு என்று சொல்லப்படுவது இதுதான். தோற்றார்கள். ஒருவர் தம் ஊரில், தம் வண்டியில், தம் பெயரைத் தம் எழுத்தில் எழுத முடியாத நிலை அது. மொழி அரசியலானதற்குக் காரணம் தேடுவோர் இங்கிருந்து தொடங்கலாம்.

லீக்கை அரசியலுக்கு அப்பால் வைத்திருக்க ஹைட் முயன்றார். 1915இல் அது கைமீறியது. அவர் பதவி விலகினார். பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிரான 1916 ஈஸ்டர் எழுச்சியை நடத்தியவர்களில் பலர் லீக்கில் உருவானவர்கள். ஆனாலும் அவர்கள் வெளியிட்ட குடியரசுப் பிரகடனத்தின் தலைப்பு வரி ஐரிஷில் இருக்க, உள்ளடக்கம் முழுவதும் ஆங்கிலத்தில் இருந்தது. மக்களுக்குப் புரிய வேண்டுமே! 1919 ஜனவரி 21இல் கூடிய புதிய ஐரிஷ் நாடாளுமன்றத்தின் முதல் அமர்வு ஏறத்தாழ முழுக்க ஐரிஷில் நடந்தது. உறுப்பினர்களிலேயே பலருக்கு அது சரளமான மொழி அல்ல. தேசத்தின் மொழியும் மக்களின் மொழியும் வேறு வேறாகிவிட்டதை அறிந்தே அதைச் செய்தார்கள். அந்தத் துணிச்சல் மதிக்கத்தக்கது.

விடுதலைக்குப் பின் 1922 அரசியலமைப்பு ஐரிஷைத் தேசிய மொழி என்றது. 1937 அரசியலமைப்பின் 8ஆம் பிரிவு அதை முதல் ஆட்சிமொழியாக்கி, ஆங்கிலத்துக்கு இரண்டாம் இடம் தந்தது. இரு மொழி வாசகங்களும் முரண்பட்டால் ஐரிஷ் வாசகமே செல்லும். மறு ஆண்டு ஹைட் நாட்டின் முதல் குடியரசுத் தலைவரானார்.

திறந்த கதவு மூடத் தொடங்கியது இந்தக் காலத்தில்தான். 1925 முதல் அரசு வேலைக்கு ஐரிஷ் தேவை. 1934 முதல் பள்ளி இறுதித் தேர்வில் ஐரிஷில் தவறினால் மற்றப் பாடங்களில் என்ன மதிப்பெண் வாங்கினாலும் தோல்வி. ஒரு தலைமுறைக்கு ஐரிஷ் என்றால் தேர்வு பயம். நாடு பிரிந்தபோது வடக்கே பிரிட்டனுடன் தங்கிவிட்ட புராட்டஸ்டன்டுகளுக்கு அது எதிர்த் தரப்பின் கொடி.

இதைவிடப் பெரிய பிழை மேற்குக் கரையில் நடந்தது. ஐரிஷ் இன்னும் வீட்டுப் பேச்சாக இருந்த கேல்டாக்ட் பகுதிகளை ஆராய 1925இல் அமைத்த ஆணையம் மறு ஆண்டு அறிக்கை தந்தது. அங்கே பணியாற்றும் அதிகாரிகள் மக்களிடம் ஐரிஷில் பேச வேண்டும், நிலமும் பிழைப்பும் உறுதிப்பட வேண்டும் என்பது அதன் சாரம். முக்கியமான பரிந்துரைகள் பலவற்றை அரசு ஏற்கவில்லை. கேல்டாக்ட் மீனவர்களின் பிள்ளைகள் லண்டனுக்கும் பாஸ்டனுக்கும் போய்க்கொண்டே இருந்தார்கள். ஐரிஷ் இலக்கியத்துக்குச் செழுமையான தன்வரலாறுகளைத் தந்த கிரேட் பிளாஸ்கட் தீவில் பிழைக்க வழியின்றி, எஞ்சியிருந்த சிலரை 1953இல் அரசே கரைக்குக் கொண்டுவந்தது. மொழியைப் பேசாத பிள்ளைகளிடம் அதைக் கட்டாயமாகக் கேட்ட தேசம், பேசிக்கொண்டிருந்தவர்களுக்குச் சோறு போடவில்லை.

1960களின் இறுதியில் கேல்டாக்ட் மக்களே கிளர்ந்தார்கள். மேற்குக் கரையின் கான்னமாராவில் அனுமதியின்றி வானொலி நடத்தினார்கள். 1972இல் அரசு அவர்களுக்கென்று வானொலி நிலையம் தொடங்கியது. அதே காலத்தில் வடக்கே பெல்ஃபாஸ்டின் ஷா சாலையில் சில இளம் குடும்பங்கள், ஐரிஷைப் பின்னால் கற்றவர்கள், பிள்ளைகளை அந்த மொழியிலேயே வளர்ப்பதென்று சேர்ந்து வீடு கட்டிக் குடியேறினார்கள். 1971இல் பள்ளியும் திறந்தார்கள். அரசு நிதி கிடைக்கப் பத்து ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. சட்டம் எதுவும் அவர்களைக் கட்டாயப்படுத்தவில்லை. தெற்கில் தேர்வுக் கட்டாயம் 1973இலும் வேலைக் கட்டாயம் 1974இலும் நீங்கிய பின்னர், பெற்றோர் விரும்பிச் சேர்க்கும் ஐரிஷ் வழிப் பள்ளிகள் பெருகின.

2022 கணக்கெடுப்பில் ஐரிஷ் குடியரசில் சுமார் 18 லட்சத்து 74 ஆயிரம் பேர், அதாவது 40 விழுக்காட்டினர், தங்களுக்கு ஐரிஷ் பேசத் தெரியும் என்றார்கள். பள்ளிக்கு வெளியே அன்றாடம் பேசுவோர் 71,968 பேர். இந்த இடைவெளியைப் பொய் என்று ஏளனம் செய்வோர் உண்டு. நான் அப்படிப் பார்க்கவில்லை. பேசாவிட்டாலும் இது எங்களுடையது என்று 18 லட்சம் பேர் சொல்வதும் அடையாளம்தான். தேசிய அடையாளத்துக்குப் பேச்சு இன்றியமையாதது அல்ல என்பதை அயர்லாந்து நிறுவிவிட்டது. ஆனால் அந்த 18 லட்சம் பேரின் உரிமைகோரலால் மட்டும் மொழி பிழைக்காது. அதைத் தாங்குவது அந்த 71,968 பேர். அவர்களில் கேல்டாக்டில் இருப்போர் சுமார் 20 ஆயிரம். இன்று அந்தக் கரையோர ஊர்களில் இளம் குடும்பங்களுக்கு வாங்கக்கூடிய விலையில் வீடு கிடைப்பதில்லை. விடுமுறை இல்லங்கள் நிலத்தின் விலையை ஏற்றிவிட்டன.

மொழியுரிமை பற்றிப் பேசும்போது அயர்லாந்தை எடுத்துக்காட்டும் தமிழ் ஆய்வாளர்கள் 1893ஐயும் 1916ஐயும் மட்டும் சொல்லி நிறுத்திவிட வேண்டாம். 1926ஆம் ஆண்டின் கேல்டாக்ட் ஆணைய அறிக்கையையும் எடுத்துப் படியுங்கள்.